காய்ச்சல் கண்ட அன்றே

ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்று அறிய, அந்தக் காலத்து வைத்தியர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். பிள்ளைகளை வரிசையில் விட்டு, சட்டையைத் தூக்கச் சொல்லி, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். சுகமான பிள்ளையின் மண்ணீரல் விலாவுக்குள்ளேயே கிடக்கும், கையில் தட்டுப்படாது. திரும்பத் திரும்பக் காய்ச்சல் பட்ட பிள்ளைக்கு அது வீங்கி விலாவைத் தாண்டி, சில பிள்ளைகளுக்குத் தொப்புள் மட்டும் இறங்கியிருக்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தட்டுப்படுகிறது என்ற கணக்குத்தான் அந்த ஊரின் மலேரியாக் கணக்கு. பாதிக்கு மேல் போனால் கடும் மலேரியா ஊர் என்று வரைபடத்தில் குறிப்பார்கள். வன்னியில் அப்படிக் குறித்த ஊர்கள் நிறைய. அங்கே வயிறு தள்ளி, கை கால் மெலிந்து, கண் மஞ்சளித்த பிள்ளையைப் பார்த்து ஒருவரும் நோயாளி என்று சொன்னதில்லை. வன்னிப் பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணினார்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்து இளைப்பாறியவள். சனத்துக்கு 'மிட்வைஃப் மிஸ்'. இலங்கையில் உள்நாட்டு மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டார். 2016 செப்ரெம்பர் 5-ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் மருந்தடிப்பையும் மாத்திரையையும் நுளம்பு வலையையும் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளையை அன்றைக்கே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று ஒரு தலைமுறைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்த வேலை ஒன்று இருந்தது. வீடு வீடாக, விறாந்தை விறாந்தையாக நடந்த வேலை. அதைச் செய்தவர்களில் ஒருத்தியாக அதன் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

கதை 1934-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மழை பொய்த்தது. வழக்கமாக இருகரையும் தொட்டு ஓடும் தெதுறு ஓயா, மகா ஓயா எல்லாம் வற்றி, மணலிலும் பாறை இடுக்கிலும் சின்னச் சின்னக் குட்டைகளாக நின்றன. அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு வேண்டியது அதுதான்: வெயில் படும், ஓடாத, தெளிந்த தண்ணீர். கேகாலை, குருணாகல் பக்கத்துச் சனம் வன்னிச் சனத்தைப்போல் காய்ச்சலில் பழகியவர்கள் அல்ல. அவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, வறட்சியால் வீட்டில் அரிசியும் இல்லை. ஓராண்டுக்குள் சுமார் 80,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. 1935-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. நான்கில் ஒன்றுக்கும் மேல்.

அந்தக் கொள்ளைநோயில் அரசாங்கம் கொயினா மருந்து கொடுத்தது. சூரியமல் இயக்கம் என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்களும் ஊருக்குள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா பருப்பு மூட்டையோடு போனதால் சனம் அவரைப் 'பருப்பு மாத்தையா' என்றே கூப்பிட்டது. பட்டினியால் மெலிந்தவர்களுக்கு மாமைற் என்ற சத்துப் பசை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அந்த இளைஞர்கள் சேர்ந்து லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள் என்பது அரசியல் வரலாறு. எனக்குப் படுவது வேறு. கொயினாவும் வேண்டும், கஞ்சியும் வேண்டும், இரண்டையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிற ஆளும் வேண்டும் என்பதை இந்த நாடு முதன்முதலில் கண்ணால் கண்டது அப்போதுதான்.

வாசலுக்குப் போகிற அந்த ஆளை உருவாக்கும் முயற்சி அதற்கு முன்பே சிறிய அளவில் நடந்துகொண்டிருந்தது. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவிச்சிகள், அவர்களுக்கு அளந்து கொடுத்த ஒரு பிரதேசம். நோயாளி வரும்வரை காத்திருக்காமல் வீட்டுக்குப் போவது அவர்கள் வேலை. என் உத்தியோகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு வேர் வைத்தியர் மேரி இரட்ணம். கனடாவில் பிறந்து, இலங்கைத் தமிழரைக் கைப்பிடித்து, இந்த மண்ணிலேயே வாழ்ந்து முடித்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுகாதாரக் கைந்நூல் எழுதினார். 1930-இல் லங்கா மகிலா சமிதியைத் தொடங்கி, கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடித் தங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டையும் சுத்தத்தையும் நோயையும் பற்றிப் பேச வழி செய்தார். 1958-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. எங்கள் பயிற்சிக் காலத்தில் அவர் பெயரை ஒருவரும் சொல்லித்தரவில்லை. அது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

1946-இல் டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி வந்தது. வீட்டுச் சுவரில் மருந்தடித்தால், கடித்துவிட்டுச் சுவரில் இளைப்பாறும் நுளம்பு சாகும். அதுதான் கணக்கு. 1946-இல் 28 இலட்சம் மலேரியா நோயாளர், 1963-இல் வெறும் 17 பேர். உலகமே இலங்கையைப் பார்த்து வியந்தது. வன்னியிலும் கிழக்கிலும் காடு வெட்டிய குடியேற்றத் திட்டங்கள் அதற்குப் பிறகுதான் நிலைத்தன. என் அம்மம்மா, நான்கு பிள்ளைகளில் இரண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர், மருந்தடிக்க வந்தவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்து வரவேற்றதை அம்மா சொல்லுவார்.

1946-க்கும் 1947-க்கும் இடையில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 141-இலிருந்து 101 ஆகக் குறைந்தது. அதற்கு டி.டி.ரி.தான் காரணம் என்று ஒரு கட்சி. மருந்தடிக்காத மாவட்டங்களிலும் இறப்புக் குறைந்ததே, அதை வைத்தியசாலைகளும் மருத்துவிச்சிகளும் உணவு மானியமும் அல்லவா செய்தன என்று இன்னொரு கட்சி. இந்த வாதம் பல ஆண்டுகள் நடந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவது கட்சிக்குத்தான் என் வாக்கு அதிகம் சாயும். அதற்குப் பிறகு நடந்ததே போதுமான சான்று. 17 பேர்தானே என்று 1964-இல் மருந்தடிப்பை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரரிடம் இரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலையும் தளர்ந்தது. மலேரியா போய்விட்டது என்று சனமும் நம்பியது, வைத்தியர்களும் நம்பினார்கள். காய்ச்சல் என்றால் கொத்தமல்லித் தண்ணீர் என்ற பழைய வழக்கத்துக்கு வீடுகள் திரும்பின. 1967-இன் கடைசியில் கிளம்பிய கொள்ளைநோய் 1969-இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. திரும்ப மருந்தடிக்கப் போனால் நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிவிட்டிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள்.

மலத்தியன் மணக்கும். டி.டி.ரி.க்கு மோர் கொடுத்த அதே சனம் மலத்தியனுக்குப் படலையைச் சாத்தியது. அதை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது, அதை நான் வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மண்சுவர் வீடுகள். தைப்பொங்கலுக்கு வீடு மெழுகாத பெண் இல்லை. வன்னியில் மலேரியா உச்சத்துக்கு ஏறுவது மாரி மழைக்குப் பின், மார்கழி முதல் மாசி, பங்குனி வரை. மார்கழியில் மருந்தடித்துவிட்டுப் போவார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்காரி புதுமண்ணும் சாணியும் குழைத்துச் சுவரை மெழுகிவிடுவாள். மருந்து முழுக்க மெழுக்குக்கு உள்ளே, நுளம்பு மேலே. மேலிடத்து அறிக்கையில் அந்த வீடு 'மருந்தடித்த வீடு'. இதை யாரும் எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதவில்லை. "அக்கா, மருந்தடிக்கிறதுக்கு முதல் மெழுகிப் போடுங்கோ. அடிச்சாப் பிறகு கை வைக்காதேங்கோ" என்று முற்றத்தில் நின்று சொல்லித்தான் திருத்த முடிந்தது. அடிக்கிற திகதியை முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்டோம். சொன்ன ஆண்டுகளில் வேலை நடந்தது.

நான் 1984-இல் வேலைக்குச் சேர்ந்தேன். ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால்களை ஒட்டிய ஊர்கள். இரண்டு ஆண்டுக்குள் பெரிய கொள்ளைநோய் வந்தது. 1987-இல் நாடு முழுவதும் ஆறே முக்கால் இலட்சத்துக்கு மேல் நோயாளர். கிளினிக் நாளில் எடை பார்க்க வந்த பிள்ளைகளில் பாதி அம்மாவின் தோளில் சுருண்டு கிடந்தன.

தாய்மாரை ஏமாற்றுகிற நோய் இது. முறைக்காய்ச்சல். இன்றைக்குப் பிள்ளை பல்லுக் கிட்ட நடுங்கி, நெருப்பாய்க் காய்ந்து, வியர்த்துக் கிடக்கும். நாளைக்கு எழும்பி விளையாடும். "நேற்றுக் காய்ஞ்சது மிஸ், இண்டைக்குச் சுகம்" என்று தாய் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. மறுநாள் திரும்ப நடுக்கும். இப்படி மூன்று முறை போவதற்குள் பிள்ளையின் இரத்தம் வெளிறிவிடும். பல்சிபாரம் என்ற வகையானால் அத்தனை முறைக்குக்கூட அது விடாது. இரண்டாம் நாளே வலிப்பு வரும், பால் குடிக்காது, எழுப்பினால் கண் திறக்காது. எங்கள் ஊர்களில் வலிப்பு என்றால் காட்டுப்பேய். சூடு மிதிக்கிற களத்தில், வயல் காவல் கொட்டிலில் தாயோடு படுத்த பிள்ளைக்கு வந்தால் முனி அடித்தது. அந்தக் கொட்டிலில்தான் நுளம்பும் அடித்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூசாரியிடம் ஓடுவார்கள்.

நான் பூசாரியிடமே போனேன். வயதான மனிதர், மூன்று ஊருக்கு நூல் கட்டுகிறவர். "ஐயா, நூலைக் கட்டுங்கோ. கட்டின கையோட இரத்தம் பாக்கவும் அனுப்பிவிடுங்கோ. உங்கட சொல்லைச் சனம் தட்டாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ர பேரன் ஒண்டும் அப்படித்தான் போனது பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து வந்த பிள்ளைகளின் கையில் நூலும் இருக்கும், முகத்தில் திருநீறும் இருக்கும். ஆனால் நேரத்துக்கு வந்தன. சனத்தின் நம்பிக்கையை உடைத்துவிட்டுத்தான் சுகாதாரம் படிப்பிக்கவேண்டும் என்று நினைத்த மேலதிகாரிகள் இருந்தார்கள். அவர்களோடு நான் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை.

இரத்தம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. பிள்ளையின் விரல் நுனியை, கைக்குழந்தையானால் குதிக்காலை, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து ஊசியால் ஒரு குத்து. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, ஒரு பக்கம் தடிப்பாக வட்டமாகவும் மறுபக்கம் மெல்லிதாகவும் இழுக்கவேண்டும். ஈ மொய்க்காமல் காயவிட்டுக் கடதாசியில் சுற்றி, பெயர், வயது, ஊர் எழுதி அனுப்பவேண்டும். கஷ்டம் அதுவல்ல. முடிவு திரும்பி வர நாள் எடுக்கும். அதற்குள் காய்ச்சல் விட்டுவிடும். "இனி ஏன் மிஸ் குளிசை" என்பார்கள். குளோரோகுயின் மூன்று நாள் கொடுக்கவேண்டும். பொல்லாத கைப்பு. முதல் நாள் மாத்திரையில் பிள்ளை தெளிந்தவுடன் மிச்சத்தைச் சாமித்தட்டில் எடுத்து வைப்பார்கள், அடுத்த காய்ச்சலுக்கு உதவும் என்று. ஆகவே வீட்டுக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது சாமித்தட்டைத்தான். மாத்திரையைத் தூளாக்கித் தேனில் குழைக்க, கதலிப்பழத்தில் வைத்துக் கொடுக்க, அரை மணிக்குள் சத்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க எல்லாம் தாய்க்கு மட்டும் காட்டிக் காணாது. மாமியாருக்கும் காட்டவேண்டும். பகலில் பிள்ளையை வைத்திருக்கிறவள் அவள். கர்ப்பிணிகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை குளோரோகுயின் கொடுத்தோம். 'கைப்பு மருந்து வயிற்றுப் பிள்ளையைக் கரைக்கும்' என்று அதற்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தைத் தீர்த்தவர்கள் நாங்கள் அல்ல, முதல் பிரசவத்தில் மாத்திரை குடித்து நல்ல எடையில் பிள்ளை பெற்ற அயல்வீட்டுப் பெண்கள்.

எல்லாவற்றிலும் சொல்லிக்கொடுக்கக் கடினமாக இருந்தது, மலேரியா நுளம்பு நல்ல தண்ணீரில் பெருகுகிறது என்பது. சுகாதாரம் என்றால் சாக்கடை, குப்பை, மலசலகூடம் என்றே எல்லோரும் படித்திருந்தோம். வீட்டைச் சுற்றிக் கூட்டித் துப்புரவாக வைத்திருந்த பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அவள் வெட்கப்படுவாள். ஒருநாள் அரசாங்கத்தின் மலேரியாத் தடை இயக்கத்துப் பூச்சியியல் பகுதியைச் சேர்ந்த தம்பி ஒருவரிடம் அவருடைய வெள்ளை அகப்பையைக் கேட்டு வாங்கினேன். நீளப் பிடி போட்ட எனாமல் அகப்பை. பெண்களைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரத்துக்குப் போனேன். செங்கல் வெட்டிய கிடங்கு ஒன்றில் கண்ணாடிபோல் தண்ணீர் நின்றது. முகம் பார்க்கலாம். மெதுவாகச் சரித்து ஓர் அகப்பை அள்ளினேன். வெள்ளை எனாமலில் கறுப்புக் கீறல்களாகப் புழுக்கள். நீர்மட்டத்தோடு ஒட்டி, படுத்தபடி கிடந்தன. பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்க் குழியில் அள்ளினேன். அதிலும் புழு, ஆனால் தலைகீழாகத் தொங்கின. "படுத்துக் கிடக்கிறதுதான் பிள்ளையளைக் கொல்லுறது" என்றேன். அகப்பை கைக்குக் கை மாறியது. மாட்டுக் குளம்படியில் தேங்கிய தண்ணீரில்கூட ஒருத்தி கண்டுபிடித்துக் காட்டினாள். அந்தக் கிழமையே பெண்கள் தாங்களாகவே கிடங்கை மூடினார்கள். எந்தச் சொற்பொழிவும் அதைச் செய்வித்திருக்காது.

பிறகு வந்தது போர்க்காலம். மருந்து வரும் பாதை மூடும், திறக்கும். சனம் இடம்பெயர்ந்து மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் படுத்தது. மருந்தடிக்கச் சுவரே இல்லை. மழை நின்ற பதுங்குகுழியிலும் ஷெல் விழுந்த கிடங்கிலும் தண்ணீர் தெளிந்து நின்றது, அதிலும் அதே புழு. 1999-இல்கூட நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர், பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும். அரசாங்கச் சம்பளத்தில் இருந்த நாங்கள் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் வேலையை நிறுத்தவில்லை. இரு தரப்பும் அதைத் தடுக்கவுமில்லை. அந்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தது ஏற்கெனவே படித்திருந்த தாய்மார்தான். இடம்பெயர்ந்து போன புது இடத்தில் பக்கத்துத் தறப்பாளுக்குள் பிள்ளை நடுங்கினால், "இரத்தம் எங்க பாக்கினம் எண்டு கேட்டுக்கொண்டு போ" என்று அனுப்பியவர்கள் அவர்கள்.

ஏறக்குறைய இதே காலத்தில் எதியோப்பியாவின் திக்ராய் மலைநாட்டில் நடந்த ஒரு வேலையைப் பற்றிப் பின்னாளில் ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டேன். அங்கே வைத்தியசாலை எட்டாத தூரம். ஊருக்கு ஒரு தாயைத் தெரிந்து, மலேரியாக் குறியையும் வயதுக்கேற்ற குளோரோகுயின் அளவையும் படிப்பித்தார்கள். அவர் மற்றத் தாய்மாருக்குப் படிப்பித்து, வீட்டிலேயே மருந்து கொடுக்கச் செய்தார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இறப்பு 40 வீதம் குறைந்ததாக 2000-இல் வெளியான ஆய்வு சொன்னது. இரத்தம் பார்க்காமல் மருந்து கொடுப்பது எங்கள் வழியல்ல. நாங்கள் ஒவ்வொரு நோயாளியையும் பிடித்துக் கணக்கில் வைக்கவேண்டும் என்று நின்றவர்கள், அதற்கான ஆய்வுகூடமும் எங்களிடம் இருந்தது. ஆனால் நாள் முழுக்க நடந்தாலும் வைத்தியசாலை வராத ஊரில் நான் வேலை செய்திருந்தால் திக்ராய்த் தாய்மார் செய்ததைத்தான் செய்திருப்பேன். ஆபிரிக்காவில் இன்றும் மலேரியாவால் இறப்பவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதைத் தாண்டாத பிள்ளைகள்.

2000-க்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2004 முதல் மருந்து தோய்த்த, பல ஆண்டு பாவிக்கக்கூடிய நுளம்பு வலைகள் வந்தன. நடமாடும் கிளினிக்குகள் காட்டோரத்து ஊர்களுக்குப் போய் இரத்தம் பார்த்தன. வலையிலும் படிப்பிக்க இருந்தது. நல்ல வலையைக் கலியாணத்துக்கு என்று பெட்டியில் வைத்தார்கள், சிலர் கோழிக்கூட்டைச் சுற்றிக் கட்டினார்கள். வலைக்குள் யார் படுப்பது என்று கேட்டால், விடிய வேலைக்குப் போகிற தகப்பன் என்றார்கள். சின்னப்பிள்ளையும் கர்ப்பிணியும்தான் முதலில் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி, இருட்டினாப் பிறகு திரும்பப் போய் எட்டிப் பார்த்தும் இருக்கிறேன். 2009-இல் போர் முடிந்து இலட்சக்கணக்கான சனத்தைச் செட்டிகுளம் முகாம்களில் அடைத்தபோது மலேரியா கிளம்பும் என்று நாங்கள் நடுங்கினோம். அங்கே எத்தனையோ துயரம் நடந்தது, ஆனால் அந்தக் கொள்ளைநோய் வரவில்லை. மருந்தடித்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், தாய்மார் வரிசையில் நின்றார்கள்.

இப்போது ஊரில் இருபது வயதுத் தாய்மாருக்கு மலேரியாவின் நடுக்கம் தெரியாது. தெரியாமல் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 1963-இலும் இப்படித்தான் இருந்தது. ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களும் இந்தியாவிலிருந்து திரும்புகிறவர்களும் கிருமியை உடம்பில் கொண்டுவரலாம். போகுமுன் தடுப்பு மாத்திரையும் வந்த பிறகு இரத்தப் பரிசோதனையும் மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகவே தருகிறது. கேட்டுப் போகிறவர் குறைவு. 2016-இன் கடைசியில் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னை போன்ற பட்டணங்களில் கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகி மலேரியா பரப்புவது இதுதான். வாய்க்காலும் காடும் அதற்குத் தேவையில்லை, வீட்டுக் கிணறு போதும். மன்னாரில் கிணறுகளுக்குப் புழு தின்னும் மீன் விடுகிறார்கள், தொட்டிகளுக்கு மூடி போடச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் பிறகு அந்த நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. காலையில் கிணற்றில் முதல் வாளி அள்ளுகிறவள் வீட்டுப் பெண். எங்களுக்குப் பின் வேலைக்கு வந்த பிள்ளைகள் அவளிடம் போய், வாளித் தண்ணீரை வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்க்கவும், படுத்த புழுவைக் கண்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லவும் காட்டிக்கொடுக்கிறார்கள்.